அடிக்குக் கால் அங்குலம்

தண்ணீரை யாராலும் அவமானப்படுத்த முடியாது. ஊற்றினால் ஓடும், ஓட வழி இல்லையென்றால் சிவனே என்று நிற்கும். மானம், மரியாதை, வயிற்றெரிச்சல் எல்லாம் தரை போட்டவளுக்குத்தான்.

அன்றைக்கு அந்தக் குளியலறை வாசலில் ஐந்து பேர் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். உள்ளே, புத்தம்புதுச் சாம்பல் நிற டைல்ஸ் மேல், கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு மேஸ்திரி நின்றார். கையில் பிளாஸ்டிக் குவளை, அது நிறையத் தண்ணீர்.

“எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க,” என்று சொல்லிவிட்டு, தரை நடுவில் மெதுவாகக் கவிழ்த்தார்.

தண்ணீர் வட்டமாகப் பரவியது. பரவி, யோசித்து, அங்கேயே தங்கிவிட்டது. மூலையில் இருந்த வடிகால் ஜாலி வறண்ட வாயோடு பார்த்துக்கொண்டிருந்தது.

“ஆகா, என்ன விசுவாசமான தண்ணி! ஊத்தின இடத்தை விட்டு நகர மாட்டேங்குது பாருங்க,” என்றார் மேஸ்திரி. அவர் கூட்டிவந்திருந்த இரண்டு கொத்தனார்களும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “இது பாத்ரூம் இல்லம்மா, தொட்டி. நாலு மீன் வாங்கி விட்டுடு. மாமனார் வந்தாருன்னா பொழுது போகும்.”

தரை போட்டவள் கதவு நிலையில் சாய்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்று சனிக்கிழமை, இரண்டு முழங்கால், ஒரு நசுங்கிய கட்டை விரல். இத்தனையும் கொடுத்துப் போட்ட தரை.

அவள் மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்பக்கத்து அறையில் லென்ஸ் தேய்ப்பவள். பத்தொன்பது வருஷமாக அதே இயந்திரம், அதே ஸ்டூல். ஒரு மயிரிழை கூடினாலும் வாடிக்கையாளருக்குத் தலைவலி வரும் என்கிற வேலை. அந்தக் கையும் கண்ணும் வீட்டு வேலையிலும் கூடவே வந்துவிட்டன. கதவு அலமாரி செய்தாள், சமையலறைக்குத் தரை போட்டாள். எல்லாம் மயிரிழை சுத்தம். சமையலறைத் தரையில் மேஸ்திரியே ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, குமிழி நட்ட நடுவில் நிற்கக் கண்டு, வந்த வழியே மாடி ஏறிப் போனார். அந்தக் கர்வம்தான் அவளைக் கெடுத்தது. அதே ரசமட்டத்தைக் குளியலறையிலும் நாலு திசைக்கும் வைத்து, குமிழியை நடுவில் நிறுத்தி, கண்ணாடி மாதிரி தரை போட்டாள். தண்ணீருக்கு ஒரு பக்கம் பள்ளம் வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாதா? தெரியும். சாமர்த்தியம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன?

மேஸ்திரி வேறு யாருமில்லை, அவள் புருஷனின் அண்ணன். மாடியில் அவரும் அவர் மனைவியும், கீழே இவர்கள். இருபத்தைந்து வருஷமாக ஊரில் பாதி வீட்டுக்குத் தரை போட்டவர். தம்பி பெண்டாட்டி கரண்டியும் உளியுமாகத் திரிவதைப் பார்த்தாலே அவருக்கு உடம்பெல்லாம் எரியும். அவளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பெயர் வைத்ததும் அவர்தான்.

கொத்தனார்கள் போன பிறகும் அவர் விடவில்லை. கூடத்தில் உட்கார்ந்து தம்பியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

“சனிக்கிழமை சிமெண்ட்டு, ஞாயித்துக்கிழமை சைக்கிளு. ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால். இப்படி இருந்தா தரை எங்க விளங்கும்? அப்பா இடுப்பு உடைஞ்சு ஆஸ்பத்திரியில கெடக்கிறாரு. எதனால? இந்த வீட்டு பாத்ரூம்ல வழுக்கி. இன்னும் ஏழு வாரத்துல வராரு. தேங்கின தண்ணியில இன்னொரு தடவை வழுக்கட்டும்னு விட்டுடலாமா?”

தம்பி நகரப் பேருந்து ஓட்டுநர். ரோட்டில் அவரளவுக்கு லாவகமாக கியர் மாற்றுகிறவர் கிடையாது. வீட்டுக்குள் வந்தால் எந்தக் கியரிலும் விழ மாட்டார். டிப்போவில் அவர் பெயரே நியூட்ரல். “அண்ணன் சொல்றதும் நியாயம். அவ செஞ்சதும் தப்பு இல்ல,” என்றார்.

“நீ சும்மா இருடா,” என்றார் மேஸ்திரி. “இதோ பாரும்மா. ஏதாவது ஒண்ண வெச்சுக்க. சைக்கிளை வித்துட்டு ஒழுங்கா வீட்டைப் பாரு. இல்லாட்டி வீட்டு வேலைய என்கிட்ட விட்டுடு.”

அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ. “மாமா வர்ற அன்னிக்கு இதே குவளையோட வாங்க அத்தான். உங்க ஆளுங்களையும் கூட்டிட்டு வாங்க. ஒரு சொட்டு தண்ணி நின்னாலும் சைக்கிளை வித்துடறேன், இந்த வீட்ல ஆணி அடிக்கிறதா இருந்தாலும் உங்களைக் கேட்டுட்டு அடிக்கிறேன். நிக்கலைன்னா, என் வேலையிலயும் சரி, என் ஞாயித்துக்கிழமையிலயும் சரி, நீங்க ஆயுசுக்கும் வாய் திறக்கக் கூடாது.”

“சொல்லிட்ட இல்ல? பேச்சு மாறக் கூடாது.”

“மாறினா என் பேரு பூதக்கண்ணாடி இல்ல.”

அந்த சைக்கிள் அவளுக்கு என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆறு நாள் இயந்திரத்துக்கு முன் குனிந்து, அடுத்தவர் கண்ணுக்காகத் தன் கண்ணைத் தேய்க்கிறவள். ஞாயிறு விடிந்தால் மெலிந்த சக்கரம் வைத்த அந்த நீல வண்டியில் எண்பது, நூறு கிலோமீட்டர். அப்போதுதான் தூரமாகப் பார்ப்பாள். வீட்டு வேலைக்கும் அதற்கும் சண்டை வராமல் ஒரு கணக்கும் வைத்திருந்தாள்: சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் சிமெண்ட் பூசிவிட வேண்டும். மறுநாள் அது காய்கிற நேரத்தில் எப்படியும் அதன்மேல் கால் வைக்கக் கூடாது. அது காயட்டும், நான் மிதிக்கிறேன் என்று கிளம்பிவிடுவாள். வீட்டில் இதைப் புரிந்துகொண்ட ஒரே ஜீவன் மாமனார்தான். எடை மேடையில் முப்பது வருஷம் லாரிகளை எடை போட்டவர். துல்லியம் என்றால் மரியாதை தெரிந்த மனுஷன். சனிக்கிழமை சாயங்காலமானால், “காத்து அடிச்சு வைக்கவாம்மா?” என்று கேட்டுவிட்டு, பம்பை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கீழ்வீட்டின் பின்னறை அவருடையது. அந்த அறைச் சுவரில், அவர் கட்டிலுக்கு மேலே கொக்கி அடித்துத்தான் சைக்கிளை மாட்டியிருந்தாள். “இருக்கட்டும்மா, எனக்குத் துணை,” என்பார்.

மறுநாள் ஞாயிறு. அவள் மிதித்த மிதியில் கூட வந்தவர்கள் எல்லாம் பின்தங்கிவிட்டார்கள். பல் டாக்டர் மட்டும் மூச்சு வாங்கப் பின்னாலேயே வந்தாள். இவளுடைய ஞாயிற்றுக்கிழமைத் தோழி.

“யாரைக் கொல்லப் போற?”

“விசுவாசமான தண்ணியாம். மீன் வாங்கி விடணுமாம். அந்த ஆளை நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நிக்க வைக்கல...”

“சரி, கொஞ்சம் மெதுவாக் கொல்லு. ரோடு சமமாத்தானே இருக்கு, எனக்கு ஏன் இப்படி இரைக்குது?”

“சமம் இல்ல. ஏறுது.”

“எங்க ஏறுது?” பல் டாக்டர் தன் வண்டிக் கைப்பிடியில் ஒட்டியிருந்த சின்னத் திரையைப் பார்த்தாள். ஏற்றம் எவ்வளவு என்று காட்டும் கருவி. “அடேயப்பா, ஆமா. ரெண்டு சதவீதம். கண்ணுக்கே தெரியல.”

அவள் சட்டென்று பிரேக் பிடித்தாள். நூறு அடிக்கு இரண்டடி. அப்படியென்றால் அடிக்குக் கால் அங்குலம். கண்ணுக்குத் தெரியாது, காலுக்குத் தெரியும். தண்ணீருக்கும் தெரியும். ரோட்டோரமாகக் காலை ஊன்றிக்கொண்டு தனியாகச் சிரித்தாள். பல் டாக்டர் பயந்துபோய்த் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

அந்த வாரமே புதுத் தரையை உடைத்தாள். தான் போட்டதைத் தானே உடைப்பது எவ்வளவு வலி என்பது உடைத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு டைல்ஸின் மேலும் உளி வைத்து அடிக்கும்போது மேஸ்திரியின் வழுக்கைத் தலையை நினைத்துக்கொண்டாள். வலி பாதியாகக் குறைந்தது.

தரை உடைந்து கிடந்தால் குளிக்க எங்கே போவது? முதல் தடவை வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் துணி கட்டிச் சமாளித்தார்கள். இப்போது மழைக்காலம். வேறு வழியில்லாமல் அவளும் புருஷனும் தினம் காலையில் சோப்புப் பெட்டியும் துண்டுமாக மாடி ஏறினார்கள். மேஸ்திரி கூடத்தில் பேப்பர் படித்தபடி, “வாங்க, வாங்க, இங்க தண்ணி ஓடும்,” என்று வரவேற்பார். ஒரு நாள் விட்டு வைக்கவில்லை. யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரும் என்று கறுவிக்கொண்டே குளித்தாள்.

பூனைக்குக் காலம் இரண்டாம் வாரக் கடைசியில் வந்தது. தலைக்கு ஊற்றிவிட்டுக் குனிந்தவள், காலடியில் தண்ணீர் போகும் திசையைப் பார்த்தாள். அது ஜாலிக்குப் போகவில்லை. கொஞ்சம் போவது போலப் போய், திரும்பி, எதிர்ச்சுவர் மூலைக்குப் போய்ச் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு நின்றது. கதவு மூலையில் தண்ணீர் தள்ளுகிற வைப்பர் ஒன்று சாய்த்து வைத்திருந்தது, அதன் ரப்பர் தேய்ந்து பாதியாகிவிட்டிருந்தது.

மறுநாள் அவள் சோப்புப் பெட்டிக்குள் ஒரு பால்ரஸ் குண்டைப் போட்டுக்கொண்டு போனாள். சைக்கிள் சக்கரத்தின் அச்சுக்குள் உருளுமே, அந்தச் சின்ன இரும்புக் குண்டு. தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தரை நடுவில் வைத்தாள். குண்டு தயங்கவே இல்லை. நேராக எதிர்ச்சுவர் மூலைக்கு ஓடி, ‘டிக்’ என்று முட்டி நின்றது. ஊருக்கெல்லாம் சரிவு பார்க்கிற மேஸ்திரி தன் வீட்டுத் தரையை வேலையாட்களிடம் விட்டுவிட்டு, வந்துகூடப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவள் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

சிரிப்போடு கீழே இறங்கி, அந்த மூலைக்கு நேர்கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தாள். பின்னறை. மாமனாரின் அறை. கட்டிலுக்கு மேலே கூரையில் ஒரு முறம் அளவுக்கு ஈரம் ஊறியிருந்தது. புதிதாக இரண்டு பேர் தினமும் மாடியில் குளித்த குளியல். வெகுநாளாக ஊறிக்கொண்டிருந்தது இப்போது வெளியே தெரிந்துவிட்டது. கொக்கியில் மாட்டியிருந்த சைக்கிளின் சீட்டில் மூன்று சொட்டு. செயினைத் தொட்டுப் பார்த்தாள், விரலில் துரு ஒட்டியது.

ஐயோ என்று பதறி, உடனே சைக்கிளை இறக்கினாள். துடைத்து, எண்ணெய் போட்டு, கூடத்துச் சுவரில் வேறு கொக்கி அடித்து மாட்டினாள்.

மேலே போய், “அத்தான், உங்க பாத்ரூம் ஒழுகுது,” என்று சொல்லியிருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. சொன்னால் என்ன ஆகும்? அவர் சத்தமில்லாமல் இரண்டு ஆளை வைத்துச் சரிசெய்துவிடுவார். கொத்தனார்களுக்குத் தெரியாது. சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. விசுவாசமான தண்ணீர் என்கிற பேச்சு மட்டும் இவள் தலையில் காலத்துக்கும் நிற்கும். அது நடக்காது. எந்த நாளில் அவர் குவளையோடு இறங்கி வருகிறாரோ, அதே நாளில், அதே ஆட்களோடு, அவரை மாடி ஏற்ற வேண்டும். அதுவரைக்கும் மூச்சு விடக் கூடாது.

மேஸ்திரி அப்பாவின் அறைக்கு எப்போதாவது எட்டிப் பார்ப்பார். ஈரம் அவர் கண்ணில் பட்டால் காரியம் கெட்டது. அதனால் அந்தக் கூரைக்கு ஒரு கை வெள்ளை அடித்தாள். பத்து நாளில் மறுபடி மஞ்சளாகத் தெரிந்தது. இன்னொரு கை அடித்தாள். புருஷன் பார்த்துவிட்டு, “அப்பா ரூமுக்கா? நல்லாயிருக்கே,” என்றார்.

“வர்றவருக்குச் சுத்தமா இருக்க வேணாமா?” என்றாள். சொல்லும்போது அவளுக்கே அது உண்மை மாதிரிதான் இருந்தது.

மீதி வாரங்களில் அவள் போட்ட தரைக்கு ஒரு பரிசு கொடுத்தால் தகும். ஜாலியை மூலையில் தாழ்த்திப் பதித்தாள். அங்கிருந்து நாலு பக்கத்துக்கும் நூல் கட்டினாள். கதவுக்கும் ஜாலிக்கும் ஆறடி. ஒன்றரை அங்குலம் இறக்கம். ஒவ்வொரு டைல்ஸும் பதித்து முடித்ததும் குண்டை வைத்துப் பார்ப்பாள். அது ஜாலியைத் தேடிப் போகாவிட்டால் எடுத்துவிட்டு மறுபடி பதிப்பாள். சனிக்கிழமை முழங்காலில் நின்று பதித்துவிட்டு ஞாயிறு மிதிக்கும்போது முட்டி ரெண்டும் அழும். “ஏதாவது ஒண்ண விடேன்டி,” என்பாள் பல் டாக்டர். “எதை விட்டாலும் அந்த ஆளுக்குத்தான் சந்தோஷம். விட மாட்டேன்,” என்று இன்னும் அழுத்தி மிதிப்பாள்.

கடைசியாகச் சுவரில் மாமனார் பிடித்துக்கொள்ள இரும்புக் குழாய் பொருத்தினாள். ஈரக் கை வழுக்கக் கூடாதே என்று, சைக்கிள் கைப்பிடியில் சுற்றுகிற சொரசொரப்பான நாடாவை அதன்மேல் இறுக்கிச் சுற்றினாள்.

ஏழாவது வாரச் சனிக்கிழமை பிற்பகல், நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மாமனார் டாக்ஸியிலிருந்து இறங்கினார். இளைத்திருந்தார். பின்னறைக்குக் கூட்டிப்போய், கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் படுப்பேன் என்றார். அதற்குள் மேஸ்திரி குவளையோடு ஆஜர். பின்னால் அதே இரண்டு கொத்தனார்கள். கடைசியாக அவர் மனைவி, அதாவது இவளுடைய ஓரகத்தி. நாலு வார்த்தைக்குப் பதில் ஒரு தலையாட்டல் போதும் என்று இருப்பவள்.

“என்னம்மா, சைக்கிளுக்கு ஆள் பாத்துட்டியா?”

“ஊத்துங்க அத்தான்.”

ஊற்றினார். தண்ணீர் பரவியது. பரவி, ஏதோ அவசர வேலை இருப்பது போல மொத்தமாகத் திரும்பி ஜாலிக்குள் இறங்கியது. இன்னொரு குவளை, கதவோரம். அதுவும் போனது. மூன்றாவதைச் சுவர் ஓரத்தில் ஊற்றிவிட்டு, குந்தி உட்கார்ந்து விரலால் தரையைத் தடவிப் பார்த்தார். சின்னக் கொத்தனார் வாய்விட்டே சொல்லிவிட்டான்: “மேஸ்திரி, நம்மளே இவ்வளவு சுத்தமாப் போடறதில்ல.”

“சரி சரி. ஏதோ போட்டுட்டா,” என்று எழுந்தார் அவர்.

அவள் அத்தோடு விட்டிருக்கலாம். ஜெயித்தாகிவிட்டது, சைக்கிள் அவளுடையது, ஞாயிறு அவளுடையது. ஆனால் ஐந்து வாரம் வயிற்றுக்குள் வைத்து வளர்த்ததை யார் விடுவார்கள்?

“ஒரு நிமிஷம் அத்தான். குவளையைக் கீழ வெச்சுடாதீங்க. அப்படியே மாடிக்குப் போலாம். அண்ணன்களே, நீங்களும் வாங்க.”

மாடிக் குளியலறை வாசலில் அதே கழுத்துகள் நீண்டன. இப்போது உள்ளே நின்றது அவள். பால்ரஸ் குண்டை எடுத்து எல்லோருக்கும் காட்டிவிட்டுத் தரை நடுவில் வைத்தாள். குண்டு ஓடியது. ‘டிக்.’ மறுபடி எடுத்து வைத்தாள். ‘டிக்.’ ஜாலி இந்தப் பக்கம், குண்டு அந்தப் பக்கம்.

“உங்க வீட்டுத் தண்ணிக்கு விசுவாசம் பத்தாது அத்தான். ஜாலி கூப்பிடுது, அது சுவத்தோட ஓடிப்போயிடுது!”

கொத்தனார்கள் தரையைப் பார்ப்பதா முதலாளி முகத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் முழித்தார்கள். பெரியவனுக்குச் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. மேஸ்திரியின் முகம் செங்கல் நிறமானது. “இது... ஏதோ கொஞ்சம்... இவ்வளவு நாளா ஒழுங்காத்தானே...”

அப்போதுதான் ஓரகத்தி முன்னால் வந்தாள். மூலையில் இருந்த வைப்பரை எடுத்துப் புருஷன் கையில் கொடுத்தாள்.

“ஏழு வருஷமா நான்தான் தள்ளுறேன். நீங்க குளிச்சுட்டு வந்ததும் தள்ளுறேன், நான் குளிச்சுட்டும் தள்ளுறேன். ஏன்டி தள்ளுறன்னு ஒரு நாள் கேட்டீங்களா? மொத வருஷமே சொன்னேன். ‘எனக்கேவா தரை சொல்லித் தர’ன்னீங்க. இந்தாங்க. இனிமே நீங்க தள்ளுங்க.”

அடடா, அந்த நிமிஷம் இருக்கிறதே! இயந்திரத்துக்கு முன் குனிந்த பத்தொன்பது வருஷ முதுகு ஒரேயடியாக நிமிர்ந்த மாதிரி இருந்தது அவளுக்கு. ஒரு குவளை ஊற்றிக் காட்டுவதாகத்தான் எண்ணியிருந்தாள். சந்தோஷம் தலைக்கேறிவிட்டது. பக்கத்தில் இருந்த வாளியைத் தூக்கி முழுசாகக் கவிழ்த்தாள். “பாருங்க!” தண்ணீர் மூலையில் குளமாகக் கட்டியது. அடுத்த வாளியையும் நிரப்பிக் கவிழ்த்தாள். “இன்னும் நல்லாப் பாருங்க!” சுவரோரத்து விரிசலில் தண்ணீர் குபுகுபுவென்று இறங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். மேஸ்திரி வைப்பரைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

கீழேயிருந்து தொப்பென்று ஒரு சத்தம். பிறகு மாமனாரின் குரல்.

“யாராவது வாங்களேன்.”

விழுந்தடித்து இறங்கி ஓடினார்கள். மாமனார் நாற்காலியில்தான் இருந்தார், அடி எதுவும் இல்லை. கட்டிலின் தலைமாட்டில், தலையணைக்கு நட்ட நடுவில், இரண்டு கை அகலத்துக்கு ஒரு பூச்சுக் காரைத் துண்டு விழுந்து உடைந்து கிடந்தது. இரண்டு தடவை அடித்த வெள்ளை அதன்மேல் பளபளவென்று இருந்தது. கூரையின் ஓட்டையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

“ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டுப் படுக்கலாம்னு இருந்தேன்,” என்றார் மாமனார்.

கிழவர் கூரையைப் பார்த்தார், சொட்டைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அங்கே வெறும் கொக்கி இருந்தது.

“இங்கதானேம்மா உன் சைக்கிள் இருந்துச்சு?”

“ஆமா மாமா.”

“எப்ப எடுத்த?”

நேற்று என்று சொல்லியிருக்கலாம். அறை ஒழிக்கும்போது எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் மயிரிழை பிசகாமல் வேலை செய்து பழகிய வாய், கேட்டவரும் எடை பிசகாத மனுஷன்.

“அஞ்சு வாரம் ஆச்சு.”

“ஏன் எடுத்த?”

“தண்ணி சொட்டுச்சு. துரு பிடிக்க ஆரம்பிச்சுது.”

மாமனார் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. மெல்லத் தலையாட்டினார். தலையணையில் இருந்த ஒரு துண்டை எடுத்து, அதில் இருந்த புது வெள்ளையைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“அவன் தெரியாம விட்டான். நீ தெரிஞ்சு வெள்ளை அடிச்சிருக்க,” என்றார். “சைக்கிளை மட்டும் மாத்தி வெச்சுட்ட.”

மேஸ்திரிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாழ்நாளில் கிடைக்காது. வாயைத் திறந்தார். கையில் இன்னும் வைப்பர் இருப்பதைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார். நியூட்ரல் மட்டும் நகர்ந்தார். பெண்டாட்டியைப் பார்க்காமல் கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். “அண்ணா, அந்தப் பக்கம் பிடி. கூடத்துல போடலாம். அங்க ஈரம் இல்ல.”

கூடத்தில் கட்டில் போடுகிற ஒரே சுவரில் சைக்கிள் மாட்டியிருந்தது. அவள் ஓடிப்போய் இறக்கினாள். எங்கே வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. அவளே அதைப் பின்னறைக்குத் தூக்கிப்போய், பழைய கொக்கியில் மாட்டினாள். சீட்டின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது. துடைக்காமல் வெளியே வந்தாள்.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் முழுக்க அவள் மாமனாரின் கட்டிலைச் சுற்றியே ஏதோ வேலை இருப்பது போல நடமாடினாள். மாத்திரை கொடுத்தாள், தலையணை உறை மாற்றினாள், பம்பை அவர் கண்ணில் படுகிற மாதிரி சுவரில் சாய்த்தும் வைத்தாள். அவர் எல்லாவற்றுக்கும் மரியாதையாக, “சரிம்மா,” என்றார். குளியலறைக்குப் போய்விட்டு வந்து, “குழாய் பிடிக்க நல்லா இருக்கும்மா,” என்றுகூடச் சொன்னார். காற்று அடித்து வைக்கவா என்று மட்டும் கேட்கவில்லை.

ஞாயிறு விடிந்தது. பந்தயப்படி அவளை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. யாரும் கேட்கவும் இல்லை. பல் டாக்டர் கூப்பிட்டபோது, “நான் வரல, நீங்க போங்க,” என்று வைத்துவிட்டாள். மேலே உளிச் சத்தம் கேட்டது. ஆள் வைக்காமல், ஒற்றை ஆளாக ஒருவர் அடிக்கிற அடி.

தன் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். பனியனோடு தரையில் குந்தியிருந்த மேஸ்திரி திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எதிர் மூலையில் உட்கார்ந்து முதல் டைல்ஸை உடைத்தாள். நாலைந்து உடைத்த பிறகுதான் அவர் தொண்டையைக் கனைத்தார்.

“அடிக்கு எவ்வளவு இறக்கின?”

“கால் அங்குலம்.”

“ம்,” என்றார். இன்னும் இரண்டு டைல்ஸை உடைத்தார். பிறகு அவரே, தரையைப் பார்த்தபடி, “அப்பா ஏதாவது சொன்னாராம்மா?” என்று கேட்டார்.

“இல்ல அத்தான்,” என்றாள் அவள். “ஒண்ணும் கேக்கல.”